திரையில் ஓடும் பொம்மை ரயில்

கணிப்பொறித் திரையில் தானே பாதை அமைத்துக்கொண்டு ஓடும் பொம்மை ரயில்களை நீங்கள் பார்த்திருக்கலாம். பொத்தானை அழுத்தினால் தண்டவாளம் விரிகிறது. ரயில் வளைந்து நெளிந்து ஓடுகிறது. மறுபடி அழுத்தினால் வேறொரு பாதை! எத்தனை முறை அழுத்தினாலும் ரயில் தடம் புரள்வதில்லை. பிள்ளைகள் மணிக்கணக்கில் பார்க்கிறார்கள், பெரியவர்கள், "நேரம் வீணாகிறதே!" என்கிறார்கள். யார் சொல்வது சரி?

இவற்றுள் மிக எளிய வகையொன்றை எடுத்துக்கொள்வோம். திரை முழுவதும் சதுரக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எதிரெதிர் மூலைகளை மையமாகக் கொண்ட இரண்டு கால்வட்டத் தண்டவாளங்கள். ஒவ்வொன்றின் ஆரமும் கட்டத்தின் பக்கத்தில் பாதி. ஆகவே தண்டவாளத்தின் முனைகள் பக்கங்களின் நடுப்புள்ளியில்தான் வந்து நிற்கும். கட்டத்தை எந்தப் பக்கம் வைப்பது என்பதை மட்டும் கணிப்பொறி, நாணயம் சுண்டுவதுபோல் முடிவு செய்கிறது.

எப்படித் திருப்பி வைத்தாலும் முனைகள் நடுப்புள்ளியில் இருப்பதால், அடுத்த கட்டத்துத் தண்டவாளம் தவறாமல் பொருந்திவிடும். ஒவ்வொரு பாதையும் ஒன்று, சுற்றி வந்து தன்னோடு சேரும். அல்லது திரையின் விளிம்பில் போய் முடியும். நடுவில் அறுந்து நிற்க வழியே இல்லை. பாதைகள் ஒன்றையொன்று வெட்டுவதும் இல்லை.

100 கட்டங்களே இருந்தாலும், 1-க்குப் பின் 30 சுழியங்கள் போட்டால் வரும் எண்ணையும் மிஞ்சும் அளவுக்குப் பாதை அமைப்புகள் கிடைக்கும்!

இந்த எண்ணம் நேற்றுத் தோன்றியதல்ல. மூலைவிட்டத்தால் இரு நிறமாகப் பிரிந்த சதுர ஓடுகளை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று பிரான்சு நாட்டுத் துறவி செபாஸ்டியன் ட்ரூஷே 1704-இல் ஆராய்ந்தார். 1987-இல் உலோகவியல் அறிஞர் சிரில் ஸ்டான்லி ஸ்மித், அந்த ஓடுகளில் நிறங்களுக்குப் பதிலாகக் கால்வட்டங்களை வரைந்து காட்டினார்.

நம்மைக் கவர்வது தற்செயல் என்று நினைக்கிறோம். அது தவறு. தண்டவாளத் துண்டுகளைக் கண்டபடி இறைத்தால் குப்பைதான் மிஞ்சும். தற்செயலை அழகாக்குவது, முனைகள் நடுப்புள்ளியில் நிற்க வேண்டும் என்ற அந்த ஒரே விதி.

குறைகளும் உண்டு. இந்த ரயில் நேராக ஓடுவதே இல்லை. பல இடங்களில் இடப்புற வளைவிலிருந்து சட்டென வலப்புற வளைவுக்குத் தாவுகிறது. உண்மை ரயிலில் பயணிகள் தூக்கி எறியப்படுவார்கள்! அதனால்தான் ரயில் பாதைகளில் வளைவைச் சிறிது சிறிதாகக் கூட்டி அமைக்கிறார்கள். எண்ணிக்கையில் கோடி கோடியாக இருந்தும், பத்து நிமிடத்தில் எல்லாப் பாதைகளும் ஒன்றுபோலவே தோன்றத் தொடங்கிவிடும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, விதி திரைக்குப் பின்னால் மறைந்து கிடப்பதுதான். அதைத் தெரிந்துகொள்ளாமல் பார்ப்பவருக்கு இது வெறும் வேடிக்கை. "ஏன் தடம் புரளவில்லை?" என்று ஒருமுறை கேட்டுவிட்டவருக்கோ நல்ல கணிதப் பாடம்.

நீங்களும் 16 சதுர அட்டைகள் வெட்டிக் கால்வட்டங்களை வரையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கலைத்து அடுக்குங்கள். பாதை எங்காவது அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த வியப்பைக் கணிப்பொறி இல்லாமலே நீங்கள் பெறலாம்.