பாரிட் சூலோங் நினைவுச் சின்னம்: எண்ணும் பெயரும்

ஒரு நினைவுச் சின்னம் யாரை நினைக்கச் செய்கிறது என்பதே அதன் தகுதியை அறியும் உரைகல். ஜொகூர் மாநிலம் பத்து பகாட் மாவட்டத்திலுள்ள பாரிட் சூலோங் சின்னத்துக்கும் இது பொருந்தும்.

மூவார்ப் போரில் பின்வாங்கிய நேசப்படை, பாரிட் சூலோங் பாலம் ஜப்பானியர் வசம் இருந்தமையால், நடக்கவியலாத காயமுற்றோரை விட்டுச்செல்ல நேர்ந்தது. 1942 ஜனவரி 22இல் ஜப்பானியர் அவர்களைக் கொன்று குவித்தனர். மாண்டோர் ஆஸ்திரேலியர் ஏறத்தாழ 110 பேர். இந்தியர் ஏறத்தாழ 40 பேர்.

தளபதி ஆண்டர்சன் பெற்ற விக்டோரியாச் சிலுவையும், உயிர்தப்பிய அதிகாரி ஹாக்னியின் சாட்சியமும், 1951இல் ஜெனரல் நிஷிமுரா தூக்கிலிடப்பட்டதும் நூல்களில் விரிவாகப் பேசப்படுகின்றன. 45ஆம் இந்தியப் படைப்பிரிவின் வீரர்களோ பெரும்பாலும் வெறும் எண்ணாகவே நின்றுவிடுகின்றனர். இது பெருங்குறையாகும்.

இக்குறையை ஓரளவு தீர்க்கும் இடம் அருகிலேயே உண்டு. நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூர் கிராஞ்சி நினைவகச் சுவர்களில், கல்லறை அறியப்படாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இந்தியப் பெயர்கள் ஏராளம். மாணவரைப் பாரிட் சூலோங்கிற்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், கிராஞ்சிக்கும் அழைத்துச் சென்று அப்பெயர்களை வாய்விட்டுப் படிக்கச் செய்தல் வேண்டும். அப்பொழுதுதான் அந்த 40 பேரும் மனிதராகத் தோன்றுவர்.