நீர் எங்கே போய்த் தங்குகிறது?

சைக்ளோஹெக்சேனிலோ பென்சீனிலோ டிரைட்டான் எக்ஸ்-100 என்னும் பரப்பு இயக்கியைக் கரைத்து டெட்ராஃபுளுரோபோரேட் அயனித் திரவத்தை, அதாவது திரவ நிலையில் இருக்கும் உப்பைச் சேர்த்தால், நானோமீட்டர் அளவுத் துளிகள் கொண்ட தெளிந்த நுண்பால்மம் கிடைக்கிறது. அயனித் திரவம் கூடக்கூடத் துளியும் பருக்கிறது என்பதை 2005-இல் ஜூலியன் ஈஸ்டோ குழு நியூட்ரான் சிதறலால் காட்டியது.

இதில் கொஞ்சம் நீரை விட்டால்? அது துளியின் நடுவே சென்று உப்புத் திரவத்தோடு கலந்துவிடும் என்றுதான் தோன்றும். ஷான்டோங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டது வேறு. சிறிதளவு நீர் பெரும்பாலும் டிரைட்டானின் ஆக்சிஎத்திலீன் சங்கிலிகளைப் பற்றிக்கொண்டு துளியின் விளிம்பிலேயே தங்குகிறது. அங்கே அது பின்னும் ஹைட்ரஜன் பிணைப்புகளால் துளியின் சுவர் உறுதிப்பட்டு, நுண்பால்மம் கூடுதல் நிலைத்தன்மை பெறுகிறது. அகச்சிவப்பு நிறமாலையும் அணுக்காந்த ஒத்ததிர்வும் தனித்தனியே ஒரே முடிவைச் சொல்வதால் இதை நம்பலாம். இத்துறையின் மிகச் சிறந்த பகுதி இதுவே.

ஒளிரும் சாயத்தை மட்டும் நம்பும் ஆய்வுகளில்தான் எனக்குத் தயக்கம். காரக்பூர் ஐஐடியில் நில்மணி சர்க்கார் குழு 2005 முதல் கூமரின்-153 சாயத்தைக் கொண்டு, இத்துளிகளுக்குள் கரைப்பான் எவ்வளவு மெதுவாகத் தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்கிறது என அளந்தது. நுட்பமான உழைப்பு அது. ஆனாலும் சாயம் தான் இருக்கும் இடத்தின் செய்தியைத்தான் தரும். அது சுவரில் ஒட்டியிருந்தால், நடுப்பகுதியைப் பற்றி அது சொல்லக்கூடியது குறைவு.

இதைவிடப் பெரிய குறை, தொடக்க ஈரத்தை அளக்காமல் விடுவது. நம் வேங்கிக்கால் ஊரில் ஐப்பசி மழை நாளொன்றில் டெட்ராஃபுளுரோபோரேட் அயனித் திரவப் புட்டியைத் திறந்து வைத்தாலே அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். செடன், ஸ்டார்க், டோரஸ் ஆகியோர் 2000-இலேயே, சிறிதளவு நீரும் இத்திரவங்களின் பாகுநிலையை வெகுவாகக் குறைப்பதைக் காட்டினர். உள்ளே ஏற்கெனவே எவ்வளவு நீர் உண்டென்று தெரியாதபோது, சேர்த்த நீரின் விளைவு என எதைச் சொல்வது?

நீர் இங்கே சாதுவான விருந்தாளியும் அல்ல. டெட்ராஃபுளுரோபோரேட் மெல்ல நீராற்பகுப்படைந்து ஹைட்ரஜன் ஃபுளுரைடைத் தரும். சூடேற்றினால் இன்னும் வேகமாக. பழைய கலவையில் கண்ட மாற்றத்துக்கு நீரின் இருப்பிடம் காரணமா, இந்தச் சிதைவு காரணமா என்று பிரித்தறிந்தாக வேண்டும்.

ஆகவே நம் ஊர்க் கல்லூரி ஆய்வகங்களில் இதில் இறங்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதலில் கார்ல் ஃபிஷர் முறையில் ஈரத்தை அளந்து, அந்த எண்ணைக் கட்டுரையில் எழுதுங்கள், பிறகு நீரைச் சேருங்கள்.