குறுந்தொகையில் ‘செப்பம்’

குறுந்தொகையின் 16-ஆம் செய்யுள் பாலை பாடிய பெருங்கடுங்கோ இயற்றியது. ஐந்தே அடிகளால் ஆயது. பொருள்தேடக் கள்ளிக்காட்டைக் கடந்து சென்ற தலைவன் தம்மை நினையானோ என்னும் வினாவே அதன் உள்ளீடு. அக்காட்டில் சிவந்த காலையுடைய பல்லி தன் துணையை அழைக்கும். அவ்வோசைக்கு உவமையாகப் புலவர் காட்டுவது ஆறலை கள்வரின் தொழில் ஒன்று. அவர்கள் தம் அம்பை நகநுனியிற் புரட்டுகின்றனர். அப்பொழுது எழும் ஒலிபோலப் பல்லி ஒலிக்கின்றது. உவமையின் நயத்தைப் பாராட்டாத ஆசிரியர் இலர். ஆயின் கள்வர் செய்யும் அத்தொழில் யாது என வினவின், விடை ஒருபடித்தாக வருவதில்லை. அம்பைத் தீட்டுகின்றனர் என்பார் சிலர். தீட்டிய கூர்மையைச் சோதிக்கின்றனர் என்பார் வேறு சிலர். திருத்துகின்றனர் எனப் பொதுப்படக் கூறி மேற்செல்வார் பலர். இம்மூன்றும் ஒன்றல்ல. எதனைக் கொள்கின்றோமோ அதற்கேற்பச் செய்யுளின் பொருளும் மாறும். ஆதலின் இதனை ஆராய்தல் வேண்டியதாயிற்று.

குறுந்தொகை 1915-இல் சௌரிப்பெருமாள் அரங்கனாரால் முதன்முதல் அச்சேறியது. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களின் பதிப்பு 1937-இல் வெளிவந்தது. இச்செய்யுளில் வரும் ‘பொன்’ என்னும் சொல்லுக்கு இரும்பு என ஐயரவர்கள் கொண்ட பொருள் ஐயத்திற்கு இடமில்லாதது. கரும்பொன், இரும்பொன் என உலோகப் பொதுமையிற் பொன் வழங்கியதை நாம் அறிவோம். வழிப்பறி செய்து வாழ்வார் தம் அம்பிற்குப் பொற்பூண் இட்டனர் என்றல் நகைக்கு இடமாகும். ஏ. கே. இராமானுசன் 1967-இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு இச்செய்யுளை உலகறியச் செய்தது. அதில் அவர், கள்வனின் நகம் அம்பின் முனையைச் சோதிப்பதாகப் பெயர்த்துள்ளார். மொழிபெயர்ப்பு அழகியது, இன்றும் பல பல்கலைக்கழகங்களில் அதன் வழியே இச்செய்யுளைப் பயில்கின்றனர். ஆயினும் மூலத்தில் முனை என்னும் சொல் அம்பிற்கு இல்லை. நுதி என ஒரு சொல் உண்டு. அது நகத்தின் நுனியைக் குறித்தது. நகத்தின் நுனி மொழிபெயர்ப்பில் அம்பின் நுனியாகிவிட்டது என்றே கருத வேண்டியுள்ளது. ஒரு சொல் இடம்பெயர்ந்தமையால் ஒரு தொழிலே வேறாயிற்று.

இனி அம்பின் இயல்பைச் சிறிது நோக்குவாம். அம்புக்கு உறுப்புப் பல. கையால் எடுத்து நாணிற் பூட்டும் அடிப்பகுதி குதை; அதனையடுத்து இறகு; நடுவே கோல்; நுனியில் இரும்பு. இவ்விரும்பு இருவகையிற் கோலோடு இணையும். இரும்பின் காம்பைக் கோலின் உள்ளே செருகிக் கட்டுதல் ஒன்று. இரும்பிற் குழல் அமைத்துக் கோலை அதனுட் புகுத்துதல் மற்றொன்று. எவ்வகையாயினும் கோல் வேறு, இரும்பு வேறு. இரண்டையும் பொருத்தியே அம்பு ஆக்குகின்றனர். செய்யுளில் வரும் ‘புனை’ என்னும் சொல்லை அழகுசெய்தல் என்று மட்டும் கொள்வார்க்கு இது புலப்படாது. புனைதல் என்பது பொருத்துதலும் ஆம். இரும்பு பொருத்திய பகழி என்பதே நேர்பொருள்.

பொருத்திய பொருளிற் பிழை நேர்வது பெரும்பாலும் பொருத்திய இடத்தில். வேட்டைக்குரிய இரும்பு அகன்ற இலைபோல் இருப்பின் இப்பிழை மிகவும் தீங்கு பயக்கும். ஊசிபோற் குறுகிய நுனி ஆழத் துளைத்தற்கு ஏற்றது. அகன்ற இலை நரம்பையும் தசையையும் அறுத்துக் குருதியை வடியச் செய்தற்கு ஏற்றது. பின்னது வலிது, ஆனால் காற்றைப் பிடிக்கும். இலை கோலின் நேர்கோட்டினின்று சிறிது பிறழ்ந்து நிற்பினும், பறக்கும்பொழுது அது படகின் சுக்கான்போல் அம்பைத் தன்வழித் திருப்பிவிடும். இறகு பின்னின்று நேர்செய்ய முயலும். இரும்பு முன்னின்று இழுக்கும். குறி தப்பும். ஆகவே, வில்லாளன் ஒருவன் கூர்மையைக் காட்டிலும் முற்படக் கவலைகொள்ள வேண்டுவது நேர்மையைப் பற்றியே. மழுங்கிய அம்பு பட்ட இடத்தில் ஒருவாறு புண்செய்யும். கோணிய அம்போ படவே படாது.

நகம் இரண்டு சோதனைக்கும் உதவும் என்பது உண்மை. அதனாலேயே மயக்கம் நேர்ந்தது. அலகின் வாயை நகத்தின்மேல் மெல்ல வைத்துப் பார்த்தல் ஒரு முறை: கூரியதாயின் நகத்தைக் கவ்வி நிற்கும், மழுங்கியதாயின் வழுக்கிச் செல்லும். இச்சோதனையில் ஓசை இல்லை என்றே கூறலாம், புரட்டுதலும் இல்லை. மற்றொரு முறை, கோலை நகநுனிகளின்மேற் கிடத்தி விரலால் உருட்டுவது, அல்லது இரும்பின் நுனியை நகத்தில் ஊன்றிக் கோலைச் சுழற்றுவது. உலகெங்கும் வில்லாளர் இன்றளவும் இதனைச் செய்கின்றனர். நேரிய அம்பு நகத்தின்மேல் வழுவழுப்பாகச் சுழலும். கோணியதாயின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை துள்ளி விழும். துள்ளுந்தோறும் நகத்தைத் தட்டும். டிக், டிக் என இடைவிட்டு வரும் அத்தட்டொலிக்கும் பல்லியின் குரலுக்கும் உள்ள ஒப்புமையை விளக்கவும் வேண்டுமோ? தீட்டும் ஒலி நீண்ட உராய்வொலி. அதனைப் பல்லிக்கு உவமையாக்குபவன் பல்லியைக் கேளாதவனாகவே இருத்தல் வேண்டும். பெருங்கடுங்கோ கேட்டிருந்தார்.

மருதநிலத்து வாழும் நம்மனோர்க்கு வில்லும் இல்லை, வேட்டையும் இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று நாட்டில் வனவிலங்கு வேட்டை பொதுவாகக் குற்றமே. ஆயினும் இவ்வோசையைக் கேட்கக் கள்ளிக்காடு செல்ல வேண்டுவதில்லை. திருவாரூர் மாவட்டத்துக் கூத்தாநல்லூர் வெண்ணாற்றுப் பாசனத்தின் நெல்வயல்கள் சூழ்ந்த ஊர். அங்குக் கடைத்தெருவில் சைக்கிள் பழுதுபார்க்கும் கடையொன்றில் யாம் கண்டதை இங்குக் கூறுதல் பொருந்தும். வளைந்த சக்கரத்தைக் கவட்டையில் மாட்டிச் சுழற்றி, அதன் ஓரத்திற்கு அணித்தாக விரல்நகத்தை வைத்துக்கொண்டு தொழிலாளி செவிசாய்த்திருந்தார். சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஓரிடத்தில் நகத்தைத் தட்டிச் சென்றது. தட்டும் இடத்தைக் குறித்து, அங்குள்ள கம்பியை முறுக்கி, மீண்டும் சுழற்றினார். ஓசை குறைந்து குறைந்து அடங்கிற்று. என்ன செய்கின்றீர் என யாம் வினவியதற்கு, ‘கோட்டம் எடுக்கிறேன்’ என்றார்.

அச்சொல் எம்மைத் திருக்குறளிடத்துக் கொண்டு சென்றது. நடுவுநிலைமை அதிகாரத்தின் 119-ஆம் குறளில் வள்ளுவர், சொல்லிற் கோட்டம் இல்லாமையே செப்பம் என இலக்கணம் வகுக்கின்றார். அதே அதிகாரத்து 112-ஆம் குறளிலும் செப்பம் நேர்மையையே குறித்து நின்றது. கோட்டத்தின் மறுதலை செப்பம். செப்பத்தின் மறுதலை கோட்டம். கூர்மைக்கும் செப்பத்திற்கும் யாதோர் உறவும் இல்லை. கூர்மையின் மறுதலை மழுக்கம் அன்றோ? மேலும், 279-ஆம் குறளில் கணையையும் யாழின் கோட்டையும் எதிர்வைத்து அவர் உணர்த்தும் கருத்து, கணை என்பது வடிவால் நேரியது என்னும் எண்ணத்தின்மேலேயே நிற்கின்றது. அறநூலார் ஒருவர் அம்பை நேர்மைக்கு உருவாகக் கொண்டு, அந்நேர்மை செயலில் இல்லாமையைச் சுட்டுகின்றார் எனின், அம்பின் முதற்பண்பு நேர்மை என்பது அக்காலத்தார் அனைவர்க்கும் தெரிந்த செய்தி என்பது போதரும். ஆகவே குறுந்தொகைச் செய்யுளிற் கள்வர் பெற விரும்பிய செப்பம், சைக்கிள் கடைத் தொழிலாளி கோட்டம் எடுத்துப் பெற விரும்பிய அதுவே.

கூர்மை செய்தலைக் கூறப் புலவர்க்கு வேறு சொற்கள் இருந்தன. வேறு இடமும் இருந்தது. புறநானூறு 312-இல் பொன்முடியார் தாய், தந்தை, கொல்லன், வேந்தன், காளை ஆகியோர் கடமைகளை வகுக்குமிடத்துக் கொல்லனுக்கு உரியதாகக் கூறும் வினை வடித்தல். காய்ச்சி அடித்து வடிவும் வாயும் அமைத்தல் அது. 95-ஆம் பாட்டில் ஔவையார் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்று, இவனுடைய படைக்கலங்கள் நெய்பூசி மாலைசூட்டிக் காவல்மனையில் இருப்பதையும், அவனுடையவை நுனி சிதைந்து கொல்லனது சிறு கொட்டிலிற் கிடப்பதையும் ஒப்புநோக்குகின்றார். புகழ்வதுபோல் இகழ்ந்த அத்திறத்தைப் பலரும் எழுதியுள்ளனர். யாம் கொள்வது வேறொரு செய்தி. சிதைந்த நுனி கொல்லனிடம் செல்லும். உலையும் துருத்தியும் சம்மட்டியும் அங்கே உள்ளன. கருக்கரிவாளின் பல் தேய்ந்தால் தஞ்சைப் பகுதி உழவர் அதனைப் பட்டறைக்கே கொண்டுசெல்வர். வண்டல் மண்ணே நிறைந்த இந்நாட்டில் தீட்டுதற்கும் ஒரு கல் எளிதிற் கிடைப்பதில்லை. பாலைவழியில் பதுங்கியிருக்கும் கள்வர்க்கு உலை யாது? அவர்க்கு உள்ளவை கையும் செவியுமே. கையும் செவியும் கொண்டு அறியக்கூடியது கோட்டம் ஒன்றுதான். கோலிற் கோட்டம் இருப்பின் தீயில் வெதுப்பி நிமிர்த்தலாம். இரும்பு சாய்ந்திருப்பின் கட்டை அவிழ்த்து மீளப் பொருத்தலாம்.

அம்புகளுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தலும் இத்தேர்ச்சியின் பாற்பட்டது. குறிஞ்சிப்பாட்டில் தலைவன் வருங்கால் கபிலர் அவன் வில்லேந்தியதோடு அம்பு தெரிந்ததையும் கூறுவர். தெரிதல் என்பது ஈண்டு ஆராய்ந்து கொள்ளுதல். உரைநடையிற் சுருக்குவோர் ‘வில்லும் அம்பும் ஏந்தி’ என எழுதி அவ்வினையை விழுங்கிவிடுகின்றனர். கையிற் கிடைத்ததை எடுத்து வந்தவன் வேறு, ஆராய்ந்து எடுத்து வந்தவன் வேறு. முயலுக்குரிய அம்பும் யானைக்குரிய படையும் வேறு என்பதை 772-ஆம் குறளும் அறிந்தே அமைந்தது. முயலை எய்தது அம்பு, யானையைத் தப்பியது வேல்.

இரும்பின் வடிவை வேட்டுவனே தேர்ந்தான் என்பதற்கு இலங்கையிலிருந்து ஒரு சான்று தரலாம். இராபர்ட்டு நாக்சு என்னும் ஆங்கிலேயர் 1660 முதல் 1679 வரை கண்டி அரசில் சிறைப்பட்டிருந்தவர். 1681-இல் வெளிவந்த அவரது நூல் வேடர்களைப் பற்றி ஒரு செய்தி கூறுகின்றது. அம்பு வேண்டும் வேடர் இரவில் வந்து கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிடுவர். அதனோடு தமக்கு வேண்டிய அம்பின் வடிவாக வெட்டிய ஓர் இலையையும் தொங்கவிடுவர். கொல்லன் அவ்வாறே செய்து அவ்விடத்தில் வைப்பின் மேலும் இறைச்சி கொணர்வர். செய்யாதொழியின் ஓர் இரவில் அம்பால் தீங்கு இழைப்பர். முகங்காணாத இவ்வாணிகத்தில் மொழியாக நின்றது இலை ஒன்றே. வேலின் அலகை நம் புலவர் இலை என வழங்கியதையும் இத்துடன் நினைவுகூர்தல் தகும். வடித்தல் கொல்லன் தொழில். வடிவைத் தேர்தலும் செப்பங் காண்டலும் எய்பவன் தொழில். சங்கச் செய்யுட்கள் இப்பகுப்பிற் பிறழ்வதில்லை.

ஒரு தடை எழலாம். ‘உகிர்நுதி புரட்டும்’ என்பதற்கு நகநுனியாற் புரட்டும் என மூன்றாம் வேற்றுமைப்படப் பொருள் கொள்ளலாகாதோ எனின், கொள்ளலாம். நகநுனியிற் புரட்டினும் நகநுனியாற் புரட்டினும் புரள்வது அம்பே. காணப்படுவது அதன் கோட்டமே. வேற்றுமை உருபு மறைந்து நின்றது எமது முடிபைத் தாக்காது.

இனி இலக்கணம் கூறுவதைக் காண்பாம். ‘கொண்மார்’ என்பது மாரீற்று வினை. தொல்காப்பியர் வினையியலில் இதனைப் பலர்பாற் படர்க்கைக்கு உரித்தாக்கி, வேறு வினைகொண்டு முடியும் எனவும் உரைத்தார். எதிர்காலமும் நோக்கமும் இதன்கண் அடங்கும். அஃதாவது, செப்பம் இனிமேற் பெறப்பட வேண்டியது, இன்னும் பெறப்படவில்லை. அம்பு செப்பமுற்றபின் நகத்தின்மேல் தட்டொலி எழாது என்பதை மேலே கண்டோம். ஓசை எழுகின்றது என்பதே அம்பு இன்னும் கோணியுள்ளது என்பதற்குச் சான்று. இலக்கணமும் தொழிலும் ஒரே பொழுதைச் சுட்டுகின்றன. அஃது எய்வதற்கு முற்பட்ட பொழுது.

கூர்மைச் சோதனை எனக் கொள்வார்க்கு இப்பொழுது கிட்டாது. கூர்மை கண்டவன் அடுத்து நாணேற்றுவான். அங்கே அச்சம் ஒன்றே மிஞ்சும். செப்பங் கொள்ளுதல் எனக் கொள்ளின் செய்யுளில் ஓர் இடைவெளி திறக்கின்றது. தலைவன் காட்டுவழியிற் செல்கின்றான். ஓர் ஓசை கேட்கின்றது. அது கள்வர் அம்பு புரட்டும் ஓசையாகவும் இருக்கலாம். பல்லி துணையை அழைக்கும் ஓசையாகவும் இருக்கலாம். முன்னதாயின் உயிருக்கு ஊறு, ஆனால் அம்பு இன்னும் செவ்விதாகவில்லை, கடந்துபோகப் பொழுது உண்டு. பின்னதாயின் மனைக்கண் இருப்பாளின் நினைவு. செவி இரண்டையும் பிரித்தறிய இயலாத அந்நொடியிலேதான் ‘நினையாரோ’ என்னும் வினா எழுகின்றது. ஆற்றாமை கொண்ட நெஞ்சம் அவனுக்கு வரக்கூடிய இடையூற்றை வாய்விட்டுச் சொல்லாது; சொல்லின் தீநிமித்தமாகும். உவமைக்குள் ஒளித்துச் சொல்லும். உள்ளுறையும் இறைச்சியும் பற்றி நூல்கள் கூறுவனவற்றை ஈண்டு விரித்தற்கு இடமில்லை. எனினும் அச்சமும் ஆறுதலும் ஒரே ஓசையில் அடங்குதல் உவமையாகு பொருள் தொழிலளவில் சரியாக உணரப்பட்டாலன்றி விளங்காது.

ஆகவே இச்செய்யுளுக்கு உரையெழுதுவோர் ‘கூர்மை’, ‘தீட்டுதல்’, ‘முனை’ என்னும் சொற்களை விலக்கி, இரும்பு பொருத்திய அம்பின் கோட்டம் நீக்கி நேர்மை பெறும்பொருட்டு நகநுனியில் உருட்டும் ஓசை எனப் பொருள் எழுதுதல் வேண்டும். பிறமொழியிற் பெயர்ப்போர்க்கும் இதுவே வழி. அகநானூற்றுப் பாலைச் செய்யுட்களில் மழவரும் எயினரும் அம்பு கையாளும் இடங்கள் பலவுள. அவற்றில் வரும் வடி, தெரி, செம்மை என்னும் சொற்களையும் இம்முறையில் தனித்தனியே பிரித்து நோக்குதல் முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.