இரவல் குரலின் குறும்பு

1968இல் வந்த 'படோசன்' என்ற இந்திப் படத்தில் கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுப் பிந்துவுக்குச் சங்கீதம் என்றால் உயிர். அவளை விரும்பும் போலாவுக்கோ பாட வராது. நண்பன் வித்யாபதி மறைந்திருந்து பாட, இவன் ஜன்னலில் நின்று வாயசைக்கிறான். அவ்வளவுதான். ஆனாலும் ஐம்பது வருஷம் கடந்தும் ஆட்கள் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள்.

எனக்குப் படுவது இதுதான். சுனில் தத்துக்கு வேறொருவர் பாடுவதை எத்தனையோ படங்களில் நாம் கேள்வி கேட்காமல் ஏற்றிருக்கிறோம். அதையே போலா செய்யும்போது கள்ளத்தனம் என்று சிரிக்கிறோம். வித்யாபதியாக நடித்தவரோ கிஷோர் குமார்! பின்னணிப் பாடகர் முன்னுக்கு வந்து தன் தொழிலையே பகிடி பண்ணுகிறார். இதே வங்காளக் கதை 1960இல் தமிழில் 'அடுத்த வீட்டுப் பெண்' ஆனது. அங்கே டி.ஆர். ராமச்சந்திரனுக்காகத் தங்கவேலு பாடுகிறார், தங்கவேலுவுக்கோ பி.பி. ஸ்ரீநிவாஸின் குரல். இரவல் கொடுப்பவரே இரவல் வாங்கியவர். பாட்டு இன்னும் இனிக்கிறது, ஆனால் அந்தக் குறும்பு அதில் இல்லை.

சங்கடம் மெஹ்மூதிடம் இருக்கிறது. அவருடைய மாஸ்டர் பிள்ளை குடுமியும் வேட்டியுமாக, இந்தியைத் தமிழில் இழுத்துப் பேசும் பாட்டு வாத்தியார். தமிழ் பேசுகிற நாம் இதற்கு எப்படிச் சிரிக்கிறது? அதிலும் நம்மட ஆட்களின் பேச்சையே மேடையிலும் நாடகத்திலும் கொச்சைப்படுத்திக் கைதட்டல் வாங்கியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 'சும்மா பகிடிதானே' என்று இதைத் தள்ளிவிட என்னால் ஏலாது. அந்தக் குடுமியும் முழிப்பும் சில இடங்களில் மலிவுதான்.

ஆனால் ஆர்.டி. பர்மன் இசையமைத்த அந்தப் பாட்டுப் போட்டி வேறு கதை சொல்கிறது. பிள்ளைக்குப் பாடியவர் மன்னா டே, முறைப்படி சாஸ்திரிய சங்கீதம் கற்றவர். கிஷோருக்கு அந்தப் பயிற்சி கிடையாது. பிள்ளை ராகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, மற்றவர் கோமாளித்தனம் பண்ணி ஆளைக் குழப்பியே வெல்கிறார். படம் தோற்கடிப்பது பிள்ளையை. அவருடைய வித்தையை அல்ல. இதை மெஹ்மூத் தெரிந்தேதான் செய்தார் என்று நினைக்கிறேன், தயாரிப்பாளர்களில் அவரும் ஒருவராச்சே.

அந்தப் போட்டியை ஒருதரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். குடுமி தெரியாது. உச்சரிப்புப் பகிடிக்குள்ளும் சுரம் பிசகாமல் ஒரு மனிதர் பாடிக்கொண்டிருப்பது மட்டும் கேட்கும்.