‘துகா ம்ஹணே’: முத்திரை அடியில் தன்முனைப்பும் பணிவும்

புணேயை அடுத்த நிக்டியில் சிவாஜியும் துகாராமும் சந்திக்கும் ‘பக்தி-சக்தி’ சிற்பத் தொகுதி அமைந்துள்ளது. துகாராமின் ஊராகிய தேஹுவிலிருந்து ஆண்டுதோறும் பண்டரிபுரத்திற்குப் புறப்படும் பல்லக்கு அவ்வழியே செல்கிறது. அரசனுக்கு நிகராக அங்கே நிறுத்தப்பட்டுள்ள அக்கவிஞர் தம்மைச் சுட்டிக்கொண்ட பெயரோ ‘துகா’ என்னும் குறுக்கம். 17ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய அபங்கங்களின் இறுதியில் பெரும்பாலும் ‘துகா ம்ஹணே’ என்னும் முத்திரை வருகிறது. படைப்பில் தன் பெயரைப் பொறிப்பது தன்முனைப்பா, பணிவா என்னும் வினாவினை அம்முத்திரையின் வினைமுற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

தமிழ் மரபில் தற்புகழ்ச்சியும் பணிவும் இடம் நோக்கி வரையறுக்கப்பட்டவை. புலவன் தன்னைப் புகழ்தல் தகும் இடங்கள் நான்கினை நன்னூல் தொகுத்துரைக்கிறது. அவையடக்கமோ நூல்முகத்தில் வரும் மரபுறுப்பு. ஆதலின் பணிமொழியைக் கொண்டோ, பெயர் வருதலைக் கொண்டோ பாடியவரின் உள்நோக்கத்தைத் துணிதல் இயலாது. ஞானசம்பந்தர் தம் திருக்கடைக்காப்புகளில் தம் பெயரையும் காழியையும் பொறித்தார். இறைவனே தம்மைக் கொண்டு தன்னைப் பாடினான் எனத் திருவாய்மொழி ஏழாம் பத்தில் நம்மாழ்வார் கூறுகிறார். அப்பதிகத்தின் முடிவிலும் சடகோபன் என்னும் பெயர் உண்டு. துகாராமும், நாமதேவர் விட்டலனுடன் கனவில் தோன்றித் தம்மைப் பாடப் பணித்ததாகக் கூறுகிறார். ஏவப்பட்டுப் பாடுவோர்க்குப் பெயர், தாம் கேட்டதற்குச் சான்றாக இடும் கையொப்பம் எனலாம்.

‘ம்ஹணே’ என்பது படர்க்கை ஒருமை வினை. ‘நாமா ம்ஹணே’ என நாமதேவர்க்கும், ‘ஜனி ம்ஹணே’ என ஜனாபாய்க்கும் அவ்வடிவே வருதலின் அது ஆண்பால், பெண்பால் காட்டுவதன்று, உயர்வும் ஏற்பதன்று. திலீப் சித்ரே 1991இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின் தலைப்பு ‘ஸேஸ் துகா’. ஆங்கில வினை உயர்வு காட்டாமையின் அவருக்கு அங்கு இடர்ப்பாடு இல்லை. தமிழில் நிலைமை வேறு. ‘துகா சொல்கிறார்’ என்றால், பாடியவர் களைந்த பெருமையை மொழிபெயர்ப்பாளரின் மரியாதை மீண்டும் அணிவித்துவிடுகிறது. ‘துகா சொல்கிறான்’ என்றால் ஒருமை பொருந்தும். எனினும் மூலத்தில் இல்லாத ஆண்பால் புகுவதோடு, பிறர் அவரை இகழ்ந்து சுட்டுவது போலவும் ஒலிக்கிறது.

இங்குக் கருதத்தக்கது ‘செய்யும்’ என்னும் முற்று. படர்க்கையில் பலர்பால் ஒழிந்த நான்கு பால்களுக்கும் அது பொது. தொல்காப்பியம் அதனை நிகழ்காலத்திற்கு உரியதாகக் கொள்கிறது. ‘துகா சொல்லும்’, ‘ஜனி சொல்லும்’ எனின் பால் புலப்படாது. மரியாதைப் பன்மையும் நுழையாது. பின்னர்ப் பெயர் வரின் அது பெயரெச்சமாக மயங்கும். எனவே அடியிறுதியில் அமைத்தல் வேண்டும். இன்றைய வாசகர்க்கு அஃறிணைச் சாயலும் எதிர்காலச் சாயலும் தோன்றுதல் கூடும். பின்னது இழப்பே. முன்னது, குழந்தையை ‘அது’ என்னும் வீட்டு வழக்கை ஒத்திருத்தலின், ‘துகா’ என்னும் குறுக்கத்தோடு இயைகிறது.

துகாராம் தம் பெயரை மறைத்தவர் அல்லர். கூறிய பெயருக்கு உயர்வு சேர்க்காமையிலேயே அவர் பணிவு நிற்கிறது. மொழிபெயர்ப்பாளர் தம் பணிவைச் சிறிது விட்டுக்கொடுத்தாலன்றி அப்பணிவு தமிழுக்கு வந்து சேராது.