நுங்கம்பாக்கத்து மழையும் சடையங்குப்பத்து வெள்ளமும்

சென்னையின் வெள்ள வரலாற்றை எழுதப் புகுவோர் பெரிதும் நாடுவது நுங்கம்பாக்கத்துப் பதிவேடுகளையே. 1792இல் அங்கு நிறுவப்பட்ட வானாய்வுக் கூடத்தின் வழிவந்த கருவூலம் அது, மறுப்பாரில்லை. எனினும், ஒரு மழைமானி ஊர் முழுமைக்கும் சாட்சியாகுமா? 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ.; தாம்பரத்திலோ 49!

சடையங்குப்பத்தின் நிலை இன்னும் வேறு. கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தை அடுத்த அவ்வூருக்கு வெள்ளம் வானிலிருந்து மட்டும் வருவதன்று. 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தின் மதகு வழியாகவும் வருவது. மதகு திறந்த நேரக் குறிப்பைப் புரட்டாமல், மழைக்கணக்கை மட்டும் காட்டி "இயற்கையின் சீற்றம்" என்றெழுதுவது அரை வரலாறே. ஆறு எந்த நாழிகையில் ஏறிற்று என்பதை அவ்வூர்ப் பெரியவர்கள் அறிவார்கள். அவர்களிடம் கேட்டெழுதிய ஆய்வாளர் எத்தனை பேர்?