நேர்பாதையின் கடைசி 200 மீட்டர்

2015 பிப்ரவரி. ஸ்பெயினில் உள்ள ஹெரெஸ் தடத்தில் ஃபார்முலா ஒன் அணிகளின் சோதனை ஓட்டம். மெக்லாரன் அணியின் புதிய கார் முதல் நாள் 6 சுற்று ஓடி நின்றுவிட்டது. இரண்டாம் நாளும் 6 சுற்றுதான். நான்கு நாள் முடிவில் மொத்தம் 79. அதே நான்கு நாளில் மெர்சிடிஸ் 500 சுற்றுகளுக்கு மேல் ஓடி முடித்திருந்தது.

ஆனால் அந்தக் குளிர்காலத்தில் மெக்லாரன் ரசிகர்களின் கண் அந்த எண்களின் மேல் இல்லை. 22 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு மெக்லாரனும் ஹோண்டாவும் மறுபடி சேர்ந்திருந்தன. அந்த ஜோடியின் பெயரைச் சொன்னாலே 1988தான் நினைவுக்கு வரும். 16 பந்தயங்களில் 15 வெற்றி. ஓட்டுநர்களில் சென்னாவுக்கு 8, ப்ராஸ்டுக்கு 7. அந்த நினைவைக் கையில் வைத்துக்கொண்டு புதிய காரை அளந்ததில்தான் அடுத்த மூன்று ஆண்டு மனவேதனைக்கும் விதை விழுந்தது. 1988இன் எஞ்சினும் இல்லை, அதைச் செய்த கைகளும் இல்லை. மிஞ்சியிருந்தது பெயர் மட்டும்.

எஞ்சினை மாற்றிய அணியைத் தொடர விரும்புகிறவர் முதலில் பழக வேண்டியது, சோதனை ஓட்டத்தில் நேரத்தை விட்டுவிட்டுச் சுற்றுகளை எண்ணுவது. குறைந்த எரிபொருளோடும் மென்மையான டயரோடும் எந்த அணியும் ஒரு நாள் வேகமாகத் தெரியலாம். 150 சுற்று ஓடியதாக யாரும் வேடம் போட முடியாது. எண்ணெய்க் குழாய், மின்கம்பி, குளிர்விப்பான், கியர் பெட்டி எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போனால்தான் கார் ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்து, நேர்பாதையின் முடிவு. அந்த 200 மீட்டரில் எத்தனை செய்தி இருக்கிறது என்பது பார்க்கத் தொடங்கினால்தான் தெரியும். 2014இல் வந்து 2025 வரை இருந்த விதிப்படி எஞ்சின் என்பது 1.6 லிட்டர் வி6 டர்போவும் இரண்டு மின்மோட்டார்களும் சேர்ந்த ஒன்று. ஒரு மோட்டார் பிரேக் பிடிக்கும்போது மின்சாரம் சேர்த்து, பிறகு சக்கரங்களுக்கு 160 குதிரைத் திறன் வரை கூடுதலாகத் தந்தது. இன்னொன்று டர்போவோடு சேர்ந்து நிமிடத்துக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் சுழன்று, வீணாகப் போகும் புகையிலிருந்து மின்சாரம் எடுத்தது. காரின் பின்புறம் ஒடுங்கியிருந்தால் காற்று நன்றாக வழியும் என்பதால் மெக்லாரன் மிகச் சிறிய எஞ்சினைக் கேட்டது. 'சைஸ் ஜீரோ' என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். ஹோண்டா கம்ப்ரசரை எஞ்சினின் வி வடிவ இடைவெளிக்குள்ளேயே அடக்கிக் கொடுத்தது. அளவு சுருங்கியதில் டர்போவிலிருந்து கிடைக்கும் மின்சாரமும் சுருங்கிப்போனது.

விளைவு தொலைக்காட்சியிலேயே தெரிந்தது. நேர்பாதையில் முக்கால் தூரம் வரை கார் மற்றவர்களோடு ஓடும். பிறகு மின்சாரம் தீர்ந்து, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் தளரும். பின்னால் வரும் காரின் கேமராவில் பார்த்தால், முன்னே போகும் காரின் சிவப்பு விளக்கு அந்த இடத்தில் மினுங்குவதைக் காணலாம். மின்உதவி நின்றுவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். 2015இல், ஹோண்டாவுக்குச் சொந்தமான சுசூகா தடத்தில், அப்படி நேர்பாதையில் முந்தப்பட்ட ஆத்திரத்தில்தான் மெக்லாரன் ஓட்டுநர் அலோன்சோ, இது ஜிபி2 எஞ்சின் என்று ரேடியோவில் கத்தினார். ஜிபி2 என்பது அப்போது ஒரு படி கீழே இருந்த பந்தயம். அந்தக் கூச்சல் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதற்கு முந்தைய சில விநாடிகளில் கார் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் குறைவு.

தடத்துக்குத் தடம் ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். அதே 2015இல் குறுகிய, வளைவுகள் நிறைந்த மொனாக்கோவில் அணியின் இன்னொரு ஓட்டுநர் பட்டன் 8ஆவதாக வந்து அணியின் முதல் புள்ளிகளை எடுத்தார். ஹங்கேரியில் அலோன்சோ 5ஆவது. நீண்ட நேர்பாதைகள் கொண்ட பெல்ஜியத்தின் ஸ்பாவில், எஞ்சின் பாகங்களை மாற்றியதற்காக இரண்டு கார்களுக்கும் சேர்த்து 105 இடங்கள் பின்தள்ளும் தண்டனை. வரிசையில் நின்றதே 20 கார்கள்தான்! 2017 ஹங்கேரியில் அலோன்சோ 6ஆவதாக வந்ததோடு, அந்தப் பந்தயத்தின் அதிவேகச் சுற்றையும் ஓட்டினார். காரின் உடல் அருமை, எஞ்சின் ஒன்றுதான் பாரம் என்று அணியும் ரசிகர்களும் முடிவு கட்டினார்கள்.

அந்த முடிவைச் சரிபார்க்க அதுவரை ஒரு கண்ணாடி இல்லை. மூன்று ஆண்டும் ஹோண்டா எஞ்சினை வைத்திருந்த ஒரே அணி மெக்லாரன்தான். 2018இல் ஹோண்டாவை விட்டு ரெனோவிடம் போனபோது கண்ணாடி கிடைத்தது. அதே ரெனோ எஞ்சினோடு ரெட்புல் அந்த ஆண்டு 4 பந்தயங்களை வென்றது. மெக்லாரனுக்கு அந்த ஆண்டு முழுவதும் கிடைத்த சிறந்த இடம், மெல்போர்னின் முதல் பந்தயத்தில் அலோன்சோ எடுத்த 5ஆம் இடம். காரின் வடிவமைப்பிலேயே குறை இருப்பதை அணி ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழி மெக்லாரனுக்குப் பாதிதான் பொருந்தும், ஏனெனில் கூடமும் கோணல்தான். ஆனால் எஞ்சின் மாற்றும் அணியைப் பார்க்கும் எவரும் முதலில் தேட வேண்டியது, அதே எஞ்சினோடு ஓடும் இன்னொரு அணியை.

ஹோண்டாவின் தவறுகளும் பார்க்கத் தகுந்தவை. 2017 சோதனை ஓட்டத்தில் எண்ணெய்த் தொட்டி தொல்லை கொடுத்தது. தொழிற்சாலைச் சோதனை மேடையில் அசையாமல் நின்று ஓடியபோது அதில் குறை தெரியவில்லை. தடத்தில் கார் வளைந்தும் பிரேக் பிடித்தும் ஓடியபோது எண்ணெய் உள்ளே அலைமோதியது. எஞ்சினைத் தனியாகவும் காரைத் தனியாகவும் செய்து கடைசியில் கூட்டுவதில் உள்ள ஆபத்துக்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடைக்காது. பிறகு டோரோ ரோசோ என்ற சிறிய அணியோடு சேர்ந்தபோது ஹோண்டாவுக்கு அவசரப்படுத்தாத ஒரு வீடு கிடைத்தது. 2018இன் இரண்டாம் பந்தயத்திலேயே, பஹ்ரைனில் அந்த அணியின் காஸ்லி 4ஆவதாக வந்தார். தன் விமானப் பிரிவில் ஜெட் எஞ்சின் செய்பவர்களை அழைத்து, தொல்லை கொடுத்த டர்போ மோட்டாரை ஹோண்டா சீர்செய்தது. 2019 ஆஸ்திரியாவில் வெர்ஸ்டாப்பன், ஹோண்டா எஞ்சினுக்கு மாறியிருந்த ரெட்புல் காரில், கடைசிச் சுற்றுகளில் லெக்லேரை முந்தி வென்றார். 2006க்குப் பிறகு ஹோண்டாவுக்கு அது முதல் வெற்றி. பரிசுமேடையில் அவர் தன் உடையில் இருந்த ஹோண்டா முத்திரையை விரலால் தொட்டுக் காட்டினார். பக்கத்தில் ஹோண்டாவின் பொறியாளர் தனபே நின்றிருந்தார்.

எத்தனை ஆண்டு பொறுப்பது? மெக்லாரனின் பழைய கதையே ஒரு கணக்குத் தருகிறது. 1994இல் பெஜோ எஞ்சினோடு ஓடியபோது, சில்வர்ஸ்டோனில் பந்தயம் தொடங்கிய நொடியிலேயே ஓட்டுநர் பிரண்டிலின் எஞ்சின் தீப்பிழம்பாகச் சிதறியது. ஒரே ஆண்டில் பெஜோவை விட்டு மெர்சிடிஸிடம் போனார்கள். 1995 கார், ஓட்டுநர் மான்செலின் உடம்பு உட்காரக்கூட இடமில்லாமல் பிறந்தது. ஆனால் இந்தத் தடவை விட்டு ஓடவில்லை. 1997இல் முதல் வெற்றி, 1998இல் ஹக்கினனுக்கும் அணிக்கும் பட்டம்.

ரெனோவோடு கழிந்த மூன்று ஆண்டுகளும் அப்படித்தான். அணிகள் பட்டியலில் 6ஆம் இடம், 4ஆம் இடம், 3ஆம் இடம். அந்த நாட்களில் ரசிகர் சேர்த்து வைக்க வேண்டிய காட்சி 2019 பிரேசிலில் நடந்தது. வரிசையின் கடைசியில் புறப்பட்ட மெக்லாரனின் சைன்ஸ் 4ஆவதாக வந்தார். பரிசளிப்பு முடிந்த பிறகு ஹாமில்டனுக்குத் தண்டனை கிடைக்க, சைன்ஸ் 3ஆம் இடத்துக்கு ஏறினார். 2014க்குப் பிறகு அணிக்கு முதல் மேடை இடம். எல்லோரும் கலைந்துபோன வெறும் மேடையில் மெக்லாரன் ஊழியர்கள் ஏறி, சைன்ஸோடு கட்டியணைத்துக் கொண்டாடினார்கள். 2021இல் மெர்சிடிஸ் எஞ்சினுக்கு மாறியபோது அணி தன் பங்கு வேலையை ஏற்கெனவே முடித்திருந்தது. அந்த ஆண்டே மோன்ஸாவில் அதன் ஓட்டுநர்களில் ரிக்கியார்டோ முதலிடம், நோரிஸ் இரண்டாமிடம். 2024இல், 26 ஆண்டுக்குப் பிறகு அணிகளுக்கான பட்டம்.

2026 முதல் ஹோண்டா ஆஸ்டன் மார்ட்டின் அணியோடு சேர்கிறது. டர்போ மோட்டார் விதியிலிருந்து நீக்கப்பட்டு, மின்சாரத்தின் பங்கு ஏறக்குறைய பாதியாக உயர்கிறது. ஓட்டுநர்களில் ஒருவர் அதே அலோன்சோ. இந்தத் தடவையும் ஹோண்டா எஞ்சின் ஒரே அணியிடம்தான், கண்ணாடி கிடையாது. எனவே ரசிகர் மொனாக்கோ பந்தயத்தைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, செப்டம்பரில் நீண்ட நேர்பாதைகள் கொண்ட மோன்ஸா வரும்போது இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்க்கலாம். மோன்ஸாவில் முதல் வளைவுக்கு முந்தைய பிரேக் பலகைகள் தெரியும் இடத்தில், காரின் பின்விளக்கின் மேல் கண்ணை வைக்க வேண்டும்.